கொசுவா, காளான் ஈயா? வகுப்பறைத் தொட்டிச் செடிகள் தந்த ஒரு மாதப் பாடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை. ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் சன்னலோரம் கூட்டமாக நின்றிருந்தார்கள். "டீச்சர், கொசு! நம்ம செடியிலேர்ந்துதான் வருது" என்றான் ஒருவன். மணி பிளான்ட் தொட்டியை லேசாக அசைத்ததும், மண்ணிலிருந்து பத்துப் பதினைந்து கறுப்புப் பூச்சிகள் எழும்பின. கொஞ்ச தூரம் தள்ளாடிப் பறந்து மறுபடி தொட்டியிலேயே உட்கார்ந்தன.

டெங்குக் காய்ச்சல் என்றாலே ஊர் பயப்படும் மாதம் அது. அன்று மாலை பெற்றோர் ஒருவர் வந்து, "செடியையெல்லாம் வெளியே தூக்கி வச்சிருங்க டீச்சர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துரப்போகுது" என்றார். அவர் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகள் பெயின்ட் வாளியிலும் எண்ணெய் டின்னிலும் நட்டு, பெயர் எழுதி ஒட்டி, ஜூன் மாதம் முதல் வளர்த்த செடிகள் அவை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கொசு மருந்தை அடித்துவிட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்தேன். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. வியாழக்கிழமை பூச்சிகள் மீண்டும் வந்துவிட்டன. வகுப்பறையில் மருந்து அடித்திருக்கவே கூடாது. அதைவிட, அது என்ன பூச்சி என்று பார்க்காமலே மருந்து அடித்தது அறிவியல் ஆசிரியர் செய்யக்கூடிய வேலை அல்ல. வெள்ளிக்கிழமை முதல் அதையே பாடமாக்கினோம். திருமயம் வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் அடையாளம் காண்போம்

தொட்டியின் மேல் ஓர் ஒளிபுகும் பாலித்தீன் பையைக் கவிழ்த்து, தொட்டியை மெல்லத் தட்டினோம். பைக்குள் சிக்கியவற்றைக் கைலென்சு வழியாகக் குழுக் குழுவாகப் பார்த்தோம். கரும்பலகையில் நான்கு பூச்சிகளின் அடையாளங்களை எழுதிப் போட்டேன்.

1. ஏடிஸ் கொசு: கறுப்பு உடலிலும் கால்களிலும் வெள்ளைப் பட்டைகள். நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. பகலில் கடிக்கும். இதன் புழுக்கள் தேங்கிய நீரில்தான் வளரும், மண்ணில் வளராது.

2. பழ ஈ: பழுப்பு மஞ்சள் உடல், பெரும்பாலும் சிவந்த கண்கள். அழுகத் தொடங்கிய பழத்தையும் புளித்த வாடையையும் தேடி வரும். மார்கன் மரபியல் ஆய்வுகளுக்குப் பயன்படுத்திய டுரோசோஃபிலா இதுதான்.

3. சாக்கடை ஈ: ரோமம் அடர்ந்த அகன்ற இறக்கைகள், சிறு அந்துப்பூச்சி போலத் தோன்றும். குளியலறைச் சுவரில், நீர் வெளியேறும் குழாய் அருகில் உட்கார்ந்திருக்கும்.

4. காளான் ஈ: 2 முதல் 4 மி.மீ. நீளம், கருஞ்சாம்பல் நிறம், நீண்ட கால்கள், மணி கோத்தது போன்ற உணர்கொம்புகள். ஈர மண்ணை விட்டு அதிக தூரம் போகாது. கடிக்காது.

எங்கள் பையில் இருந்தவற்றின் காலில் வெள்ளைப் பட்டை இல்லை. நீண்ட உறிஞ்சுகுழலும் இல்லை. ஒரு மாணவி, "டீச்சர், இறக்கையில Y எழுத்து மாதிரி கோடு தெரியுது" என்றாள். காளான் ஈயின் முக்கிய அடையாளமே அந்த நரம்புதான். காளான் வளர்ப்போர் தங்கள் குடிலில் நன்கு அறிந்த பூச்சி இது. ஆங்கிலத்தில் 'ஃபங்கஸ் நாட்' என்பார்கள்.

டெங்குப் பயம் நீங்கியது. ஆனாலும் ஒன்று செய்தோம். தொட்டிகளுக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளையும், மணி பிளான்ட் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களையும் சோதித்தோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாட்கள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தட்டையும் பாட்டிலையும் தேய்த்துக் கழுவுவதை வழக்கமாக்கினோம். பெற்றோர் சொன்னதில் இருந்த உண்மையையும் விட்டுவிடக் கூடாதல்லவா?

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

உருளைக்கிழங்கைத் தடித்த வில்லைகளாக நறுக்கி, தொட்டி மண்ணின் மேல் அழுத்தி வைத்தோம். மூன்றாம் நாள் புரட்டிப் பார்த்தபோது, கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட சிறு புழுக்கள் அடியில் நெளிந்தன. அருவருப்பில் பின்வாங்கிய பிள்ளைகளே சற்று நேரத்தில் லென்சுக்குச் சண்டை போட்டார்கள்.

இந்தப் புழுக்கள் மேல் மண்ணில் உள்ள பூஞ்சையையும் மட்கும் பொருளையும் தின்னும். எண்ணிக்கை பெருகினால் இளம் வேர்களையும் கடிக்கும், நாற்றுகள் வாடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற சுழற்சி முடிய ஏறத்தாழ 3 முதல் 4 வாரம் ஆகும். பறக்கும் ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் ஒரு பெண் ஈ நூறு முட்டைகளுக்கு மேல் இடக்கூடும்.

இங்கே கணக்குப் பாடமும் சேர்ந்துகொண்டது. நூறு முட்டையும் பிழைத்து, அவற்றில் பாதி பெண் ஈக்களாகி, ஒவ்வொன்றும் நூறு முட்டையிட்டால் எத்தனை? ஐயாயிரம். நான் அடித்த மருந்து பறந்துகொண்டிருந்தவற்றை மட்டுமே கொன்றது. மண்ணுக்குள் இருந்த முட்டையையும் புழுவையும் அது தொடவே இல்லை.

காரணம் எங்கே?

வகுப்புச் சுவரில் நானே எழுதி ஒட்டிய பொறுப்புப் பட்டியலில், "செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுதல்" என்று இருந்தது. அதிகம் பேசாத ஒரு மாணவி அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்து, மழை நாளிலும் ஒரு நாள் விடாமல் ஊற்றினாள். தொட்டிகளில் இருந்தது தென்னை நார்க்கழிவு கலந்த மண். நார்க்கழிவு நீரை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு டீத்தூளும் அரிசி கழுவிய நீரும் நாங்கள் போட்டு வந்தோம். ஈரமும் மட்கும் பொருளும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். பூஞ்சை இருந்தால் காளான் ஈ வரும்.

காரணம் விளங்கியதும் அவள் முகம் வாடிவிட்டது. "நான் ஊத்துனதாலதானா டீச்சர்?" என்று கேட்டாள். "பட்டியலை எழுதியது நான். நீ அதில் இருந்ததைச் சரியாகச் செய்தாய். எழுதியதுதான் தப்பு" என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். நம்முடையது வானம் பார்த்த பூமி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது புண்ணியம் என்றே வளர்ந்திருக்கிறோம். வேருக்குக் காற்றும் வேண்டும், மண்ணின் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும் என்பதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். தொட்டியில் பார்க்கத் தவறிவிட்டேன்.

நாங்கள் செய்தவை

• விரலின் முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றினோம். மேல் மண் காய்ந்தால் முட்டையும் இளம் புழுவும் பிழைப்பது அரிது.

• அடைபட்டிருந்த வடிகால் துளைகளைக் குத்தித் திறந்தோம். உதிர்ந்த இலைகளையும் டீத்தூளையும் அகற்றினோம். புண்ணாக்கு போன்ற உரங்களை மேல் மண்ணில் ஈரமாகக் கிடக்க விடவில்லை.

• மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் செருகி ஒட்டுப்பொறி வைத்தோம். பறக்கும் ஈக்கள் அதில் சிக்கும். புழுவை இது ஒன்றும் செய்யாது.

• உருளைக்கிழங்கு வில்லைகளைப் புழுக்களோடு எடுத்து அப்புறப்படுத்தி, புதியவை வைத்தோம்.

இவ்வளவு செய்தும் குறையாவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவை நீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். கொசுப்புழு ஒழிப்பில் பயன்படும் அதே உயிரி மருந்து இது. புழுவை மட்டுமே கொல்லும் என்பதால் சில வாரங்கள் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். நம் மாவட்டத்தில் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அட்டையில் ஒட்டிய ஈக்களை எண்ணி, பட்டை வரைபடம் வரைந்தோம். முதல் வாரம் எண்ணி முடியவில்லை. இரண்டாம் வாரமும் பெரிதாகக் குறையவில்லை. "டீச்சர், இது வேலைக்காகாது" என்றார்கள். வாழ்க்கைச் சுழற்சிப் படத்தைக் காட்டி, மண்ணுக்குள் இருப்பவை முடியும் வரை பொறுக்கச் சொன்னேன். ஐந்தாம் வாரம் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு வந்தது.

உங்கள் வகுப்பறைக்கு

தொடக்க நிலையில், மண்ணைத் தொட்டு 'ஈரம்', 'காய்ந்தது' எனப் பிரிக்கச் செய்யலாம். நடுநிலையில் வாழ்க்கைச் சுழற்சி, வரைபடம், அடுக்குகள் ஆகியவற்றோடு இணைக்கலாம். உயர்நிலையில் இரண்டு தொட்டிகளை எடுத்து, நீரூற்றும் முறையை மட்டும் மாற்றி, கட்டுப்பாட்டுச் சோதனையாகச் செய்யலாம். மண்ணைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதை மறக்க வேண்டாம்.

செடிகள் சன்னலோரத்திலேயே இருக்கின்றன. பொறுப்புப் பட்டியலில் இப்போது, "செடி மண்ணைத் தொட்டுப் பார்த்தல்" என்று எழுதியிருக்கிறோம். எழுதி ஒட்டியது அந்த மாணவிதான்.