‘ரெண்டு வாரம் சின்னதா இருக்காம்’: குரோத் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரவு ஒன்பதரை மணிக்குச் சித்தி மகளிடமிருந்து போன். "அக்கா, பாப்பா ரெண்டு வாரம் சின்னதா இருக்காம்." அதற்கு மேல் பேச்சு வரவில்லை; மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். பின்னால் அவள் மாமியார் குரல்: "நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே புள்ள வளரும்." டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் கவரை நீட்டியவர் "டாக்டர்ட்ட காட்டிக்கோங்க" என்பதோடு முடித்துக்கொண்டாராம்.

அந்த இரண்டு நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது கையில் சரியான தாளும் வாயில் சரியான கேள்வியும் இருக்க வேண்டும். முதலிலேயே ஒன்று: குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் இதை மூடிவைத்துவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றவர்கள் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதல் வேலை: முதல் ஸ்கேனைத் தேடுங்கள்

நான் அவளிடம் குழந்தையின் எடையைக் கேட்கவில்லை. "உன் முதல் ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே?" என்றுதான் கேட்டேன். பீரோவைக் குடைந்து எடுக்க இருபது நிமிஷம் ஆனது.

‘இரண்டு வாரம் சின்னது’ என்றால் எதைவிடச் சின்னது? கடைசி மாதவிலக்குத் தேதியை நீங்கள் சொல்கிறீர்கள். இயந்திரம் அதிலிருந்து வாரத்தை எண்ணுகிறது. இருபத்தெட்டு நாள் சுழற்சி, பதினான்காம் நாளில் கருமுட்டை என்று அது தானாக வைத்துக்கொள்கிறது. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வருவது சாதாரணம். அவர்களுக்குக் கரு உருவானதே ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளித்தான். அந்தக் குழந்தை சின்னது இல்லை, வயதில் இளையது.

இதைத் தீர்த்துவைப்பது 14 வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேன். அதில் சி.ஆர்.எல். என்று ஓர் அளவு இருக்கும். தலை உச்சியிலிருந்து புட்டம் வரையிலான நீளம். அந்தப் பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், வயதை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடலாம். அது காட்டும் தேதிக்கும் மாதவிலக்குக் கணக்குக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஸ்கேன் தேதியைத்தான் பிரசவத் தேதிக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள்.

சித்தி மகள் கதை அதுதான். மாதவிலக்குக் கணக்கில் 32 வாரம். முதல் ஸ்கேன் கணக்கில் 30. ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தவர் அவள் சொன்ன மாதவிலக்குத் தேதியை அப்படியே தட்டியிருக்கிறார். முதல் ஸ்கேனை அவளும் எடுத்துப்போகவில்லை.

ஆனால் இதே வழியில் ஒரு பள்ளமும் உண்டு. ஒவ்வொரு ஸ்கேன் தாளும் அன்றைய அளவை வைத்துப் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சடித்துத் தரும். ஏழு, எட்டாம் மாத ஸ்கேன் வயதைக் கணிப்பதில் மூன்று வாரம் வரை இப்படியும் அப்படியும் தவறலாம். அதை நம்பி, "தேதிதான் தப்பு போல" என்று தள்ளிவைத்துக்கொண்டால், உண்மையிலேயே வளராமல் நிற்கும் குழந்தை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். முதல் மூன்று மாதத்தில் உறுதி செய்த தேதியைப் பின்னால் வரும் எந்த ஸ்கேனுக்காகவும் மாற்றக் கூடாது. கவரின் மேலேயே அந்தத் தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள்.

அடுத்தது: நான்கு அளவும் ஒரு எடையும்

பி.பி.டி. என்பது தலையின் குறுக்களவு, எச்.சி. தலைச் சுற்றளவு, ஏ.சி. வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனை வாரக் குழந்தைக்குரிய அளவு என்று போட்டிருக்கும்.

இவற்றில் என் கண் முதலில் போவது ஏ.சி.க்கு. நஞ்சுக்கொடி வழியாகச் சத்து குறைவாக வரும்போது, குழந்தையின் உடம்பு இருக்கும் ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடுகிறது, ஈரலில் சேமிப்பு குறைகிறது, வயிறு மெலிகிறது. தலை வாரத்துக்குச் சரியாக இருந்து வயிறு மட்டும் பின்தங்கினால் அதைக் கவனிக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோலப் பின்தங்கினால் தேதிக் குழப்பமாக இருக்கலாம், சிறிய உடல்வாகாக இருக்கலாம், சில சமயம் தொற்றோ மரபணுக் கோளாறோகூட இருக்கலாம். முதல் ஸ்கேன் இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தொடை எலும்பு மட்டும் சற்றுக் குட்டையாக இருப்பது நம் பக்கத்தில் குடும்ப வாகாகவும் இருக்கும். ஆனாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எடை. அவள் ரிப்போர்ட்டில் 1490 கிராம், கூட்டல் கழித்தல் 218 என்று இருந்தது. அந்த 218ஐ யாரும் வாசிப்பதில்லை. யாரும் குழந்தையைத் தராசில் வைக்கவில்லை; நான்கு அளவையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வந்த எண் அது. உண்மை எடை 1272ஆகவும் இருக்கலாம், 1708ஆகவும் இருக்கலாம். பரவலாகப் பயன்படும் ஹாட்லாக் அட்டவணையில் 32 வாரத்துக்கு நடு எடை சுமார் 1950 கிராம். நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் பத்தாவதாக நிற்கும் குழந்தை சுமார் 1620. அதற்குக் கீழே போனால்தான் ‘சிறியது’ என்று எழுதுகிறார்கள். 32 என்று எண்ணினால் அவள் குழந்தை அந்தக் கோட்டுக்குக் கீழே. 30 என்று எண்ணினால் நடு எடையே சுமார் 1560. அப்போது 1490 என்பது கவலைப்பட வேண்டிய எண்ணே இல்லை. தாள் ஒன்று, எண் ஒன்று. எண்ணத் தொடங்கிய நாள்தான் வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹாட்லாக்கின் எடை அட்டவணை 1991இல் வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 392 பெண்களை வைத்துப் போட்டது, அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். 2014இல் வெளியான இன்டர்குரோத் அளவுகோலை எட்டு நாடுகளில் அளந்து உருவாக்கினார்கள். நம் நாக்பூரும் அதில் உண்டு. ஒரே குழந்தை இரண்டு அட்டவணையில் இரண்டு இடத்தில் நிற்கலாம். எந்த அட்டவணை என்று கேளுங்கள். அம்மா ஐந்தடிக்குள், அப்பா ஒல்லி என்றால் குழந்தை மட்டும் ஹூஸ்டன் கணக்குக்கு வளர வேண்டும் என்பதில்லை. பெண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் எடை குறைவு. ஆனால் அந்தச் சமாதானத்தை ஸ்கேன் அறையில் தேடாதீர்கள், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணா பெண்ணா என்று அங்கே கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அந்த நூறு பேர் வரிசையில் பத்துக்குக் கீழே இருப்பவர்களில் பலர் ஆரோக்கியமான சின்னக் குழந்தைகள்தான். மூன்றுக்குக் கீழே போனால் அந்த ஆறுதல் கிடையாது. ரத்த ஓட்டம் சரியாக இருந்தாலும் நெருக்கமாகக் கண்காணிப்பார்கள்.

மறுநாளே வேறு சென்டருக்கு ஓடாதீர்கள்

இது எல்லோரும் செய்வது. ஒரு கையில் 1490, இன்னொரு கையில் 1610 என்று வந்து நிற்பார்கள். அதில் தெரிவது இரண்டு கை அளந்த வித்தியாசம்தான், வளர்ச்சி தெரியாது. வளர்ச்சியைப் பார்க்க இடைவெளி வேண்டும்: இரண்டிலிருந்து மூன்று வாரம். முடிந்தவரை அதே இடம், அதே டாக்டர். சின்னக் குழந்தை தன் கோட்டை ஒட்டியே மேலே ஏறிக்கொண்டிருந்தால் நல்லது. முப்பதில் இருந்த குழந்தை பத்துக்கு இறங்கினால், இன்னும் ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தாலும் டாக்டர் முகம் மாறும்.

ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளருக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. குழந்தை சிறியது என்று எழுதிய ரிப்போர்ட்டில் டாப்ளர் இல்லையென்றால், அதை உடனே எடுக்க வேண்டுமா என்று அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். தொப்புள்கொடியில் ரத்தம், குழந்தையின் இதயத் துடிப்புகளுக்கு நடுவிலும் நஞ்சுக்கொடியை நோக்கி முன்னே போய்க்கொண்டிருக்க வேண்டும். நஞ்சுக்கொடியில் தடை கூடும்போது அந்த இடைவெளியில் ஓட்டம் குறையும், பிறகு நிற்கும், மோசமானால் பின்னோக்கி வரும். நின்றாலோ திரும்பினாலோ வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அட்மிஷன்தான். அதே தாளில் பனிக்குடநீரின் அளவும் இருக்கும். ஆழமான ஒரு பள்ளத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் குறைவு.

காரணத்தைத் தேடும்போது

ரத்த அழுத்தத்தை அன்றே பாருங்கள். 140க்கு 90 எட்டினால் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா, அனாமலி ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்ததா, காய்ச்சலோ தடிப்போ வந்துபோனதா என்று டாக்டர் கேட்பார். வீட்டுக்குள் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், கேட்க மறந்துபோவார்கள்.

சாப்பாட்டு வழக்கு

மாமியார் சொன்னதற்கு வருவோம். நம் ஊரில் இரண்டு கட்சி. "நிறையச் சாப்பிட்டா புள்ள பெருத்து ஆபரேஷன் ஆயிடும்" என்று அளந்து போடுகிறவர்கள் ஒரு பக்கம். ஸ்கேன் வந்த மறுநாளே பேரீச்சம்பழம், பாதாம், புரதப் பொடி என்று திணிப்பவர்கள் மறுபக்கம். முதல் கட்சியால் கெடுதல் உண்டு: அரைவயிறு சாப்பிட்டு இரும்புச்சத்து மாத்திரையையும் விட்டவர்கள் உடனே சரிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குக் குழந்தை பின்தங்கினால், கோளாறு பெரும்பாலும் நஞ்சுக்கொடியில். அங்கே வழி குறுகிவிட்ட பிறகு தட்டில் கூடுதலாக வைப்பது போய்ச் சேராது. அமினோ அமில டிரிப், முழு நாள் படுக்கை இவற்றால் குழந்தை வளர்ந்ததாக நிரூபணம் இல்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். சில்டெனாஃபில் மாத்திரை உதவும் என்று நம்பித் தொடங்கிய நெதர்லாந்துச் சோதனையை, பிறந்த குழந்தைகளின் நுரையீரலில் சிக்கல் வந்து சில இறந்ததால், 2018இல் நிறுத்தினார்கள். யாராவது எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

என் மூத்தவனுக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றளவு நின்றுபோனது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் "நல்லா சாப்பிடும்மா" என்று ஒரு டப்பாப் பொடியை எழுதிக்கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார்கள். மூன்று ஸ்பூன், பால், காலை மாலை. மூன்றாம் வாரம் ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்தவளுக்கு வயிறு அமைதியாக இருப்பது உறைத்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாப்ளர் பார்த்தார்கள். அன்றிரவே 1.8 கிலோவில் பிறந்தான். டப்பாவில் பாதி அப்படியே இருந்தது.

உங்கள் கையில் உள்ள வேலை: அசைவு

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் இருந்தபடி நீங்கள் செய்யக்கூடியவற்றில் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது இது ஒன்று. 28 வாரத்துக்குப் பிறகு, தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். போனைத் தள்ளிவையுங்கள். உதை, புரளல், தள்ளல் எல்லாம் கணக்கு; விக்கலைச் சேர்க்காதீர்கள். பத்து அசைவு பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் வராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். பத்து வந்தாலும், வழக்கமாகத் துள்ளும் குழந்தை சோர்ந்த மாதிரி உங்களுக்குப் பட்டால் அதுவும் போதுமான காரணம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் வைத்து இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வாங்காதீர்கள். துடிப்பு கேட்டுவிட்டது என்ற நிம்மதியில் போகாமல் இருந்துவிடுவோம்.

சித்தி மகள் அடுக்களை நாள்காட்டியில் அன்றன்றைய கட்டத்துக்குள் கோடு போடுகிறாள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. அப்படி இரண்டு கட்டு. மாமியாரே இப்போது "இன்னைக்கு போட்டியா?" என்று கேட்கிறாராம்.

தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, ரத்தமோ நீரோ போனாலோ அதே அவசரம். 108ஐ அழைக்கலாம்.

டாக்டரிடம் கேட்க

சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். எந்தத் தேதியை வைத்துச் சிறியது என்கிறீர்கள்? வயிற்றளவு எந்த இடத்தில் நிற்கிறது? டாப்ளர் எப்படி? அடுத்த ஸ்கேன் எந்த நாள்? எவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருக்க நினைக்கிறீர்கள்? ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் பெரும்பாலும் 37லிருந்து 39 வாரத்துக்குள் பிரசவம் பார்ப்பார்கள். ஓட்டம் கெட்டால் முன்னதாக. 34 வாரத்துக்கு முன்பே எடுக்க வேண்டிவந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்: டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து மறுக்காதீர்கள்.

பிரசவம் பார்க்கும் இடத்தில் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்பதை இப்போதே கேளுங்கள். இல்லையென்றால், அது இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மாறிவிடுவது, பிறந்த பின் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட நல்லது. அரசு ஆஸ்பத்திரி என்றால், உங்களுக்குப் பக்கத்துச் சீமாங் (அவசரப் பிரசவ, பச்சிளங் குழந்தை சிகிச்சை) சென்டர் எது என்று கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும்.

பையில் துணி, தாய் சேய் நல அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் எடுத்துவைத்த பிறகு, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஒரு ஜெராக்ஸ் வீட்டுக்காரர் பர்ஸில் இருக்கட்டும்.