அப்ரண்டிஸ் என்று சொன்னால் ஆறு கேள்வி கேளுங்கள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெண் பிள்ளை உள்ள வீட்டைத் தேடி இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கல்யாணத் தரகர். இன்னொருவர் மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர். "பொண்ணை அப்ரண்டிஸா சேர்த்து விடுங்க. தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. மூணு வருஷம் கழிச்சு மொத்தமா பணம் கையில வரும்" என்பார். அதை நம்பி அனுப்பலாமா? இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம்.

முன்பு நடந்தது என்ன?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலி திட்டம்', 'திருமகள் திருமணத் திட்டம்' என்ற பெயர்களில் ஏழை வீட்டுப் பெண்களைச் சேர்த்தார்கள். பல வருடங்கள் இது நடந்தது. தினமும் கொஞ்சம் கூலி. மீதி மூன்று வருட முடிவில் மொத்தமாக. பெயர் 'அப்ரண்டிஸ்'. செய்ததோ முழு வேலை, இரவு ஷிப்டும் சேர்த்து. உடம்புக்கு முடியாமல் நடுவில் வந்தவர்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. 2011-இல் வெளிநாட்டு அமைப்புகளின் ஆய்வு அறிக்கை வந்த பிறகு உலகம் முழுவதும் இது பேசப்பட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் குழுவில் போடும் சேமிப்பு அன்றைக்கே பாஸ்புக்கில் ஏறுகிறது. "மூணு வருஷம் கழிச்சுத் தரோம், நடுவுல போனா கிடையாது" என்று ஊக்குநர் சொன்னால் விடுவோமா? அவள் சம்பளத்தையே பிடித்து வைத்து, கடைசியில் பரிசு மாதிரி கொடுப்பதும் அப்படித்தான்.

இன்னொன்று. அந்தப் பணம் வரதட்சணைக்கு என்றே பேசப்பட்டது. வரதட்சணைத் தடைச் சட்டமும் தொழில் பழகுநர் சட்டமும் ஒரே வருடம், 1961-இல் வந்தவை. இரண்டையும் ஒரே நேரத்தில் மீறிய திட்டம் இது.

உண்மையான அப்ரண்டிஸ் எப்படி இருக்கும்?

அப்ரண்டிஸ் என்றால் தொழில் பழகுநர். நிறுவனத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டு, மாதா மாதம் உதவித்தொகை வாங்குவது. 2019-இல் திருத்திய விதியில் பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தது ரூ.6,000, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ரூ.7,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000, டிகிரிக்கு ரூ.9,000 என்று வைத்தார்கள். சேரும் சமயத்தில் உள்ள தொகையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடுவோம். மாதம் ரூ.7,000 என்றால் மூன்று வருடத்தில் ரூ.2,52,000. புரோக்கர் சொல்லும் மொத்தப் பணத்தை 36-ஆல் வகுத்துப் பாருங்கள். ரூ.50,000 என்றால் மாதத்துக்கு ரூ.1,400 கூட வராது.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? அது அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகுமா? பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

2. என்ன தொழில், எத்தனை மாதம்? "எல்லா வேலையும்தான்" என்று பதில் வந்தால் அது பயிற்சி இல்லை.

3. பணம் மாதா மாதம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருமா? பீஸ் ரேட் கணக்கில் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது.

4. ஓவர்டைம் உண்டா? தொழில் பழகுநர் ஆலோசகர் அனுமதி இல்லாமல் பழகுநரை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது.

5. விடுதி பதிவு பெற்றதா? 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி பதிவு செய்யப்பட வேண்டும். போன் பேசலாமா, நாம் போய்ப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

6. முடிவில் என்ன சான்றிதழ்? வேலை தருவதாகச் சொன்னால் அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா? எழுதியிருந்தால்தான் கேட்க முடியும்.

பள்ளி முடியும் முன்பே தயார் செய்ய

சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். கல்வராயன் மலையில் மலையாளி இனத்துப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் மிக முக்கியம். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம், இப்போதே மனு கொடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

எங்கே தேடலாம்?

30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கு இரண்டரை பேராவது அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. நெய்வேலி என்.எல்.சி., சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அறிவிப்பு கொடுத்து ஆள் எடுக்கின்றன. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு ஆலை ஓட ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், ஆய்வகப் பணியாளர் எல்லோரும் தேவை. இந்தத் தொழில்களை ஐ.டி.ஐ.யில் பெண்களும் படிக்கலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் பயிற்சி இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது பிள்ளையிடம். "உனக்கு எதுல விருப்பம்?" என்று உட்கார்ந்து பேசுங்கள். மேலே படிக்க ஆசைப்பட்டால் அதற்குக் குழுவில் கடன் கொடுக்கலாம். அதுவும் நல்ல முதலீடுதான்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

• பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
• ஏற்கனவே மில்லுக்குப் போன பெண்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரிடமும் போனில் பேசி நிலைமையை விசாரியுங்கள்.
• புரோக்கர் வந்தால் ஒரு தாய் மட்டும் தனியாகப் பேச வேண்டாம். குழுவுக்குக் கூப்பிட்டு ஆறு கேள்வியையும் கேளுங்கள்.
• பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஆறு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற இடம் என்றால் தைரியமாக அனுப்பலாம். பதில் சொல்ல மழுப்பினால் நம் பிள்ளை அங்கே போக வேண்டாம்.