கண்டுபிடிப்புகளை வீட்டிலே கற்பிப்போம்

"தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை "கிரகாம் பெல்" என்று உடனே விடை சொல்லும். நீராவி இயந்திரம், வானொலி, ஆகாயவிமானம் என்று அடுக்கிக் கேட்டாலும் பெயர்கள் தடையின்றி வரும். ஆனால், "அவர் ஏன் அதைச் செய்தார்? அதற்கு முன் மக்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கும்.

பெயரும் ஆண்டும் பரீட்சைக்கு உதவும். அவற்றை மட்டும் மனனஞ் செய்த பிள்ளையோ, கண்டுபிடிப்பு என்பது எங்கோ தூரதேசத்து மேதைகளின் வேலை, அதில் தனக்குப் பங்கில்லை என்ற எண்ணத்துடனேயே வளர்கிறது. இதை மாற்றப் பெற்றோரால் முடியும். பணமோ ஆய்வுகூடமோ வேண்டியதில்லை. முறையை மாற்றினாற் போதும்: முதலில் தேவையைக் காட்டுங்கள், அடுத்துப் பிள்ளையை முயலவிடுங்கள், பெயரைக் கடைசியிற் சொல்லுங்கள். விடுமுறை நாட்களில் செய்து பார்க்கக்கூடிய மூன்று பாடங்களை இங்கே தருகிறோம்.

1. கடதாசிக் குழல்

பிள்ளையை மேசையின் ஒரு முனையிற் காதை வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். மறுமுனையை ஓர் ஊசியால் மெதுவாகக் கீறுங்கள். காதை எடுத்தாற் கேளாத ஒலி, மரத்தின் வழியே தெளிவாகக் கேட்கும். இப்பொழுது பிள்ளையிடம் ஒரு பிரச்சினையைக் கொடுங்கள்: "நீ ஒரு வைத்தியர். நோயாளியின் இருதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். ஆனால் அவருடைய மார்பிற் காதை வைக்க முடியாது. என்ன செய்வாய்?"

சிறிது நேரம் யோசிக்கவிடுங்கள். பின்னர் ஒரு பழைய கொப்பியை இறுக்கிச் சுருட்டிக் கொடுங்கள். தந்தையின் மார்பில் ஒரு முனையையும் தன் காதில் மறுமுனையையும் வைத்துப் பார்க்கட்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள் சற்று அமைதியாக இருந்தால் துடிப்புக் கேட்கும்.

இனிக் கதையைச் சொல்லலாம். 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ரெனே லேனெக் என்ற வைத்தியர் இதே இக்கட்டில் இருந்தார். அக்காலத்து வைத்தியர்கள் நோயாளியின் மார்பிலே நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது வழக்கம். இருதய நோயுற்று வந்தவர் ஓர் இளம் பெண், உடல் பருத்தவர். அவருடைய மார்பிற் காதை வைப்பது முறையன்று என எண்ணிய லேனெக்கிற்கு, மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியாற் கீறினால் மறுமுனையிற் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. கடதாசிகளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். வெறுங்காதால் கேட்பதிலும் துடிப்புத் தெளிவாகக் கேட்டது. பின்னர் ஏறத்தாழ ஓர் அடி நீளமான மரக்குழலைச் செய்து, மூன்றாண்டு காலம் நோயாளரை ஆராய்ந்து, 1819இல் தமது நூலை வெளியிட்டார். இன்று எல்லா வைத்தியரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம் இதுவே. எந்தச் சயரோகத்தை அக்குழலால் ஆராய்ந்தாரோ, அந்நோயினாலேயே 1826இல், 45ஆம் வயதில் அவர் காலமானார்.

2. விரலால் வாசித்தல்

பழைய கலண்டர் மட்டையையோ கலியாண அழைப்பிதழையோ எடுங்கள். மடித்த துவாயின் மேல் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அழுத்தினால் மறுபக்கம் மேடான புள்ளி எழும். ஓரிடத்தில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு புள்ளிகளும், வேறோரிடத்தில் இரண்டு வரிசையாக ஆறு புள்ளிகளும் நெருக்கமாகக் குத்துங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரல்நுனியால் தடவிப் பார்க்கட்டும். ஆறும் விரல்நுனிக்குள் அடங்கும், பன்னிரண்டும் அடங்கா. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது.

லூயி பிறெயில் 1809இல் பிரான்சிலே கூப்வ்ரே என்ற சிற்றூரிற் பிறந்தவர். தந்தை குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலிருந்த கூரிய கருவியால் ஒரு கண்ணிற் காயம் ஏற்பட்டது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதளவில் முற்றாகப் பார்வை போயிற்று. பத்தாவது வயதிற் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பாடசாலையிற் சேர்ந்தார். சாள்ஸ் பார்பியே என்னும் இராணுவ அதிகாரி ஆக்கிய பன்னிரண்டு புள்ளி எழுத்து அங்கே அறிமுகமாயிற்று. அது எழுத்துக்களையன்றி ஒலிகளைக் குறித்தது, விரலுக்குள்ளும் அடங்கவில்லை. அதைச் சுருக்கித் திருத்தும் வேலையிற் சிறுவன் லூயி இறங்கினான். 1824இல், பதினைந்தாவது வயதில், ஆறு புள்ளி முறை உருவாயிற்று. 1829இல் அது நூலாக வெளிவந்தது. ஆயினும் அவர் கற்று, பின்னர் கற்பித்த அதே பாடசாலை அதை முறைப்படி ஏற்றது 1854இலே. அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து.

ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். இடப்பக்கப் புள்ளிகள் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கத்தன 4, 5, 6. தமிழ்ப் பிறெயிலில் "அ" என்பதற்குப் புள்ளி 1. "க" என்பதற்கு 1, 3. "ல" என்பதற்கு 1, 2, 3. இவற்றைப் பிள்ளை குத்தி எழுதட்டும். மட்டையைத் திருப்பியதும் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டறியட்டும். அந்த ஒரு நிமிட மகிழ்ச்சி பத்துப் பெயர்களை மனனஞ் செய்வதிலும் மேலானது.

3. தேசிக்காய் மின்கலம்

நான்கு தேசிக்காய்களை உருட்டி மெதுவாக நசியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பித் துண்டையும், நாகமுலாம் பூசிய ஓர் ஆணியையும் ஒன்றையொன்று தொடாமற் குத்துங்கள். ஒரு காயின் செம்பை அடுத்த காயின் ஆணியோடு கம்பியால் இணையுங்கள். எஞ்சும் இரு முனைகளிலும் ஒரு சிறிய சிவப்பு எல்.ஈ.டி. விளக்கைத் தொடுங்கள், அதன் நீண்ட கால் செம்புப் பக்கம் இருக்க வேண்டும். இருட்டறையில் மங்கலான ஒளி தெரியும். ரோச் பல்பு எரியாது. அதற்கு இந்த மின்னோட்டம் போதாது.

இத்தாலியிலே கல்வானி என்பவர், இறந்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, மின்சாரம் தவளையின் உடலில் உள்ளது என்றார். வோல்ற்றா என்பவர், இல்லை, இருவகை உலோகங்களே காரணம் என்றார். அதை நிறுவ முயன்ற வோல்ற்றா, வெள்ளி, நாகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி, 1800இல் முதல் மின்கல அடுக்கை உலகறியச் செய்தார். கல்வானி சொன்னதும் முழுப் பிழையன்று. நரம்புகளில் மின் செயல் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. "உப்புநீர்த் துணியின் வேலையை இங்கே எது செய்கிறது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

ஊசி, ஆணி வேலைகளில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பிகளை வீட்டு மின்சாரத்தோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. உலோகம் குத்திய தேசிக்காய்களை உண்ணாமல் எறிந்துவிடுங்கள்.

பிள்ளையின் முயற்சி முதன்முறை சரிவராவிட்டால் கருவியைப் பறித்து நீங்களே செய்து காட்டாதீர்கள். "எங்கே பிழைத்தது என்று பார்" என்று மட்டும் சொல்லுங்கள். செய்தது, நடந்தது, மாற்றியது ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுவிக்கலாம்.

இவ்வாரப் பயிற்சி

அ. கிணற்றடித் துலா, தேங்காய் துருவலை, சுளகு ஆகியவற்றை ஆக்கியோரின் பெயர் எவருக்குந் தெரியாது. அவர்களும் கண்டுபிடிப்பாளரே. இவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிந்தெடுத்து, அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது, எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து விளக்கட்டும்.

ஆ. வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ நாள்தோறும் சிரமந் தரும் ஒரு வேலையைப் பிள்ளை கேட்டறிந்து, அதை இலகுவாக்க ஒரு வழி சொல்லட்டும். அந்த வழி சரிவருகிறதா என்று எல்லோருமாகச் செய்து பாருங்கள்.