பல்லைக் காக்கும் புளோரைட்டு: அளவறிந்து பயன்படுத்துவோம்

பற்சூத்தை வந்த பிள்ளைக்கு இரவில் நித்திரை இல்லை, சாப்பாடும் இறங்காது. வைத்தியரிடம் கொண்டுபோனால் பெற்றோருக்கு ஒரு நாட் கூலி போய்விடும். சூத்தையைத் தடுக்க உதவும் பொருள்களில் ஒன்று புளோரைட்டு. அது எவ்வாறு உதவுகிறது, எப்போது தீங்கு செய்கிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சூத்தை எப்படி உண்டாகிறது?

வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியையும் மாப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. இந்த அமிலம் பல்லின் கடினமான மேற்பூச்சிலிருந்து கல்சியம் முதலிய கனியுப்புக்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கிறது. மழைவெள்ளம் அரித்த வயல் வரம்பை நாம் மண் போட்டுத் திருத்துவது போன்றது இது. திருத்துவதிலும் பார்க்க அரிப்புக் கூடினால் வரம்பு உடையும். பல்லிலும் அவ்வாறே துளை விழுகிறது.

புளோரைட்டின் வேலை

உமிழ்நீரில் சிறிதளவு புளோரைட்டு இருந்தால் கனியுப்புக்கள் பல்லில் விரைவாகப் படியும். அப்படிப் படிந்த பகுதி அமிலத்தை முன்னரிலும் நன்றாகத் தாங்கும். ஆகவே புளோரைட்டு பல்லின்மேல் படவேண்டும். அதை விழுங்கத் தேவையில்லை. ஏற்கெனவே விழுந்த துளையை அது அடைக்காது. அதற்குப் பல் வைத்தியரிடமே போகவேண்டும்.

கிணறு மாறும்போது கவனம்

யூரியாவை அளவோடு போட்டால் பயிர் செழிக்கும், கூடினால் கருகும். புளோரைட்டும் அப்படித்தான். பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய 8 வயது வரை, பிள்ளை அதை அதிகம் உட்கொண்டால் பின்னர் முளைக்கும் பற்களில் வெண்திட்டுக்களும் கபிலக் கறைகளும் தோன்றும். தேய்த்தாலும் அவை போகா. மிக அதிகமான அளவு பல்லாண்டுகள் உடலிற் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்து நீரில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. வவுனியா, அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளின் கடும்பாறை நிலத்தில், முக்கியமாகக் குழாய்க்கிணறுகளில், அது பல இடங்களில் அதிகம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஊரோடு கிணறும் மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கூடிய புளோரைட்டைக் கண்ணாலோ நாவாலோ அறிய முடியாது. நீரைக் கொதிக்க வைப்பதாலும் அது நீங்காது.

நாம் செய்யக்கூடியவை

1. காலையிலும் படுக்கப் போகுமுன்பும் புளோரைட்டுப் பற்பசையால் பல் துலக்குங்கள். வேப்பங்குச்சி அழுக்கை அகற்றும், ஆனால் பற்பசை தரும் புளோரைட்டை அது தராது.

2. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு பசை போதும். 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. பசையைப் பெரியவரே வைத்துக் கொடுக்கட்டும்.

3. பசையை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். துப்பியபின் நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

4. இனிப்பையும் சீனித் தேநீரையும் சாப்பாட்டு வேளையோடு நிறுத்துங்கள்.

5. புதிய கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். புளோரைட்டு அதிகமென்றால் அந்நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் மழைநீரையோ வேறு நல்ல நீரையோ தேடுங்கள்.

கலந்துரையாடுவோம்

எமது குடியிருப்பில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அது பரிசோதிக்கப்பட்டதா? எமது பிள்ளைகளின் முன்பற்களில் கறை தெரிகிறதா? பரிசோதனையைக் கேட்டுப் பெற எம்மில் யார் போவது?