மூளை கற்கும் விதமும் அச்சம் தணியும் வழியும்

திருவிழாக் காலத்தில் வெடி கொளுத்தப்படும் வேளையில் வீதியில் நிற்பவர்களைக் கவனித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். சிறுவர்கள் கைகொட்டி ஆரவாரிக்கின்றனர். அவர்களுக்கு அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர் திடுக்கிட்டுக் குனிகின்றார். தாயொருத்தி காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்தினுள் ஒதுங்குகின்றாள். சத்தம் ஒன்றுதான், காதின் அமைப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். அவ்வாறாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதற்கான விடை மூளையில் உள்ளது.

தூண்டலும் துலங்கலும்

ஒளி, ஒலி, மணம், சுவை, தொடுகை முதலியன புலன்களைத் தாக்கும்போது அவற்றைத் ‘தூண்டல்’ என்கிறோம். அதற்கு உடல் காட்டும் எதிர்ச்செயல் ‘துலங்கல்’ எனப்படும். அடுப்பிலிருந்த சட்டியில் கைபட்டதும் கை தானாகவே பின்வாங்குகின்றது. இச்செய்தி முண்ணாண் வரை சென்று அங்கிருந்தே திரும்பிவிடுகின்றது. ‘சுட்டுவிட்டது’ என்று மூளை உணர்வது அதற்குப் பின்னரே. இதனைத் தெறிவினை என்பர்.

ஒலியின் பாதை சற்று நீண்டது. செவிப்பறையின் அதிர்வு உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்களை அடைந்து மின்செய்தியாக மாறி, செவி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கின்றது. மூளையின் உட்புறத்தில், பாதாம் பருப்பின் வடிவில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறு பகுதிகள் உள்ளன. ‘அமிக்டலா’ எனப்படும் இவை ஆபத்தை அறிவிக்கும் காவலாளிகள் போன்றவை. இது என்ன சத்தம் என்று ஆராய்ந்து முடிப்பதற்கு முன்னரே இக்காவலாளி விழித்துக்கொள்வான். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், உடல் ஓடுவதற்கு ஆயத்தமாகும். ‘இது வெறும் சீனவெடிதான்’ என்ற தெளிவு சற்றுப் பிந்தியே வரும்.

கதவு தட்டிய சத்தம்

மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. இத்தனை கலங்களுக்குள் ஒரு நினைவு எவ்வாறு பதிகின்றது என்பதைக் கண்டறிய முற்பட்டவர்களுள் எரிக் கண்டெல் முக்கியமானவர். இவர் 1929ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் விளையாட்டுப் பொருட்கடை வைத்திருந்தார். 1938இல் நாட்டை நாசிகள் கைப்பற்றினர். அவ்வாண்டு நவம்பரில், தனது ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த விளையாட்டுக் காரோடு சிறுவன் மகிழ்ந்திருந்தான். இரண்டு நாட்களின் பின்னர் பொலிசார் வந்து வீட்டுக் கதவைப் பலமாகத் தட்டினர், குடும்பத்தை வெளியேற்றினர். சில நாட்கள் கழித்துத் திரும்பியபோது வீடு சூறையாடப்பட்டிருந்தது. விளையாட்டுக் காரும் இல்லை. 1939இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். அந்தத் தட்டற் சத்தம் இன்னும் நினைவில் இருப்பதாக, 2006இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். அறுபத்தேழு ஆண்டுகள் கடந்தும் ஒரு சத்தம் அழியவில்லை.

கடல் முயலின் பாடம்

கண்டெல் தமது ஆய்வுக்கு ‘அப்ளிசியா’ என்னும் கடல் முயலைத் தெரிந்தெடுத்தார். இது ஓடில்லாத பெரிய நத்தை போன்ற கடல்வாழ் உயிர். இதில் சுமார் 20,000 நரம்புக்கலங்களே உள்ளன. சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. மீனுக்கு இருப்பது போலச் சுவாசிப்பதற்கு இதற்கும் பூ உண்டு. அருகிலுள்ள குழாயைத் தொட்டால் அது பூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு துலங்கலை வைத்தே அவரும் உடன் ஆய்வாளர்களும் பல உண்மைகளைக் கண்டனர். அவற்றுள் மூன்று இங்கு தரப்படுகின்றன.

முதலாவது, பழகிப்போதல். குழாயை மெல்ல மெல்லத் திரும்பத் திரும்பத் தொட்டபோது கடல் முயல் அதனைப் பொருட்படுத்தாது விட்டது. கோயிலுக்கு அயலில் இருப்பவருக்குக் காலைமணி நித்திரையைக் கெடுப்பதில்லை. புதிதாக வந்து தங்கிய விருந்தாளியோ எழுந்துவிடுகின்றார். தீங்கு செய்யாத தூண்டலை மூளை ஒதுக்கிவிடுகின்றது.

இரண்டாவது, கூருணர்வு. வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்த பின்னர், முன்பு பொருட்படுத்தாத மெல்லிய தொடுகைக்கும் அது பலமாகப் பூவை இழுத்தது. அதிர்ச்சி ஒருமுறை என்றால் இந்நிலை சில நிமிடங்கள் நீடித்தது. இடைவெளி விட்டுப் பலமுறை என்றால் நாட்கணக்கில் நீடித்தது.

மூன்றாவது, இடைவெளியின் பயன். ஒரே தொடர்ச்சியாக நாற்பது முறை தொட்டுப் பழக்கியது ஒரு நாளோடு மறைந்தது. நாளொன்றுக்குப் பத்து முறையாக நான்கு நாட்கள் பழக்கியது வாரக்கணக்கில் நிலைத்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் பிள்ளைகளும் இதனைக் கவனிப்பது நன்று.

நினைவு என்பது உடல்மாற்றம்

இம்மாற்றம் நரம்புக்கலத்தின் அமைப்பிலேயே நிகழ்வதை நுணுக்குக்காட்டி காட்டிற்று. ஓர் உணர்நரம்புக்கலம் ஏனைய கலங்களுக்குச் செய்தி கொடுக்கும் முனைகள் சுமார் 1300. நீண்டகாலக் கூருணர்வு அடைந்த கலத்தில் அவை சுமார் 2700 ஆகப் பெருகின. நன்கு பழகிப்போன கலத்தில் சுமார் 850 ஆகக் குறைந்தன. அதாவது நீடித்த நினைவுக்காக நரம்பு புதிதாகத் துளிர்விடுகின்றது, தேவையற்றபோது சுருங்குகின்றது. இத்துறையின் கண்டுபிடிப்புக்களுக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கண்டெல், ஆர்விட் கார்ல்சன், போல் கிறீன்கார்ட் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மனித மூளை கடல் முயலினதை விடப் பன்மடங்கு சிக்கலானது. எனினும் நினைவு நீடிக்க உதவும் அடிப்படை இரசாயன வழிகள் பல, ஈ, எலி போன்ற உயிரினங்களிலும் ஒத்திருப்பது பின்னர் அறியப்பட்டது.

இனி வீதியில் குனிந்த பெரியவரை நினைத்துப் பார்க்கலாம். 2009இல் யுத்தம் முடிவடையும் வரை, சத்தம் கேட்டவுடன் நிலத்தில் விழுவதும் பதுங்குகுழியைத் தேடுவதும் உயிர்காக்கும் துலங்கல்களாக இருந்தன. அதனை விரைவாகக் கற்ற மூளை நல்ல மூளையே. யுத்தம் முடிந்தாலும், அப்பாடம் எழுதப்பட்ட நரம்புகள் அந்த உடலில்தான் இருக்கின்றன. ஆகவே அவரது திடுக்கிடல் கோழைத்தனமன்று. அன்று அவரைக் காத்த அறிவின் எச்சமே அது.

அச்சம் தணியுமா?

ரஷ்ய விஞ்ஞானி இவான் பவ்லோவ் நாய்களுக்கு ஓர் ஒலியுடன் உணவு கொடுத்துப் பழக்கினார். பின்னர் ஒலி கேட்டதுமே உமிழ்நீர் சுரந்தது. உணவின்றி ஒலியை மாத்திரம் பலமுறை எழுப்பியபோது சுரப்பு படிப்படியாக நின்றது. ஆனால் சிறிது ஓய்வின் பின்னர் அதே ஒலிக்கு மீண்டும் சற்றுச் சுரந்தது. இதிலிருந்து, பழைய பாடம் அழியவில்லை, அதன்மேல் புதிய பாடமொன்று எழுதப்பட்டது என்பது விளங்குகின்றது. அச்சத்துக்கும் இது பொருந்தும். ‘இந்தச் சத்தத்தால் தீங்கில்லை’ என்பதை மூளை அமைதியான சூழலில், சிறிது சிறிதாக, பலமுறை கற்கவேண்டும். நன்றாகத் தேறியவருக்கும் இடையில் ஒருநாள் அச்சம் திரும்பலாம். அதனால் முயற்சி வீண்போயிற்று என்று எண்ணலாகாது.

இதில் மற்றவர்களுக்கும் பங்குண்டு. வெடி கொளுத்தும் நேரத்தை முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவித்தால், எதிர்பாராத சத்தம் எதிர்பார்த்த சத்தமாகிவிடும். முதியோரும் குழந்தைகளும் நிற்கும் இடத்துக்கு அண்மையில் கொளுத்தாது விடலாம். திடுக்கிட்டவரைப் பார்த்துச் சிரிப்பதும், ‘பயத்தைப் போக்குகிறோம்’ என்று அருகே வெடியை எறிவதும் பழைய பாடத்தையே உறுதிப்படுத்தும். கையைப் பற்றி ‘ஒன்றுமில்லை, நாங்கள் இருக்கிறோம்’ என்று கூறுவது புதிய பாடத்திற்கு முதல் எழுத்தாகும். நித்திரையின்மை, கெட்ட கனவு, எப்போதும் பதற்றம் என்பன தொடருமாயின் வைத்தியரை நாடவேண்டும். உளநல மருத்துவத்தில் இதற்குப் பயனுள்ள சிகிச்சை முறைகள் உண்டு. அதனைப் பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கற்ற பாடத்தை மூளை எளிதில் கைவிடாது. ஆயினும் முதுமையிலும் அது புதிய பாடம் கற்கவல்லது. அச்சத்தைக் கற்பிக்க ஒரு நொடி போதும். அமைதியைக் கற்பிக்க ஆண்டுகள் ஆகலாம். அதற்கு அயலவரின் பொறுமையும் வேண்டும்.