நாகதாளியின் முட்கண்



நீண்டகாலம் ஆட்புழக்கமின்றிக் கிடந்த காணிகளில் நாகதாளி பற்றையாக மண்டி நிற்பதுண்டு. பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்ட காணியைத் துப்புரவாக்கும்போது அதை வெட்டி வேலியோரம் எறிகிறோம். அடுத்த மாரிக்குள் எறிந்த இடத்திலேயே அது வேர்விட்டு நிற்கிறது. இது ஏன்? விடை அதன் தோலிலே இருக்கிறது.

தண்டும் தோலும்

இலை என்று நாம் நினைக்கும் சப்பையான மடல், உண்மையில் தண்டு. தண்ணீரைச் சேமிப்பதும் உணவு தயாரிப்பதும் அதுவே. மெழுகு பூசியதுபோன்ற தடித்த தோல் நீரிழப்பைத் தடுக்கிறது. இலைவாய் எனப்படும் நுண்துளைகள் பகல் வெயிலில் மூடி, பெரும்பாலும் இரவிலேயே திறக்கின்றன. உண்மையான இலைகள் இளம் மடலில் சிறு கூம்புகளாகத் தோன்றி, விரைவில் உதிர்ந்துவிடும்.

முட்கண்

மடலில் இடைவெளிவிட்டுச் சிறு பஞ்சுப் புள்ளிகள் இருக்கும். அவையே முட்கண்கள். உருளைக்கிழங்கின் கண்ணைப்போல இதுவும் ஓர் அரும்பு. முள், பூ, புதிய மடல் எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன. மண்ணில் பட்டால் வேரும் விடும். ஆகவே முட்கண் உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று.

இருவகை முட்கள்

முட்கள் உருமாறிய இலைகளே. பெரிய மஞ்சள் முள் சில சென்ரிமீற்றர் நீளும். கண்ணுக்குத் தெரிவதால் விலகிக்கொள்ளலாம். அதன் அடியில் மயிர்போன்ற சுணைமுட்கள் கொத்தாக இருக்கும். அவற்றில் பின்னோக்கிய நுண்செதில்கள் உண்டு. தூண்டில்முள்போல இலகுவில் உள்ளே போகும். இலகுவில் வெளியே வராது. பழத்தின் தோலிலும் இவை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கள்ளி வேறு

சதுரக்கள்ளியின் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். பஞ்சுப் புள்ளி இல்லை. வெட்டினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. நாகதாளியில் பால் இல்லை.

செய்யவேண்டியவை

1. தடித்த கையுறையும் பாதணியும் அணிந்து, நீண்ட பிடியுள்ள கத்தியால் வெட்டுங்கள். காற்றுக்கு எதிரே நிற்கவேண்டாம்.
2. துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள். வாய்க்காலில் எறியவேண்டாம்.
3. சுணை ஏறிய இடத்தைத் தேய்க்கவேண்டாம். முள்வாங்கியால் முடிந்தவரை எடுங்கள். மிகுதிக்கு வெள்ளைப் பசை பூசி, மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்தபின் உரியுங்கள்.
4. சுணையோ கள்ளிப்பாலோ கண்ணில் பட்டால் கசக்காது, சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
5. பழத்தை நெருப்பில் வாட்டிச் சுணையைப் பொசுக்கி, தோலுரித்தபின் உண்ணுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

உங்கள் காணியிலுள்ள முட்செடியில் பஞ்சுப் புள்ளி உண்டா, பால் உண்டா? வெட்டிய துண்டுகளைப் புதைக்க ஊருக்குப் பொதுவாக ஓர் இடம் ஒதுக்கலாமா? ஒருவர் வளவைத் துப்புரவாக்கி, துண்டுகளை அயலவர் பக்கம் எறிந்தால், இரண்டு வளவும் மீண்டும் பற்றையாகும்.