அப்பத்தாவைப் பாடச் சொல்லாதே

வெள்ளகவித் தம்பிக்கு,

'காபிப் பழம் எடுக்கையில் அப்பத்தா பாடிக்கொண்டே இருக்கும். போனை நீட்டினால் வாயை மூடிக்கொள்ளும்' என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் சிவகங்கைப் பக்கம் ஒரு திண்ணையில், டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு நானும் இப்படித்தான் காத்திருந்தேன். அந்தக் கிழவி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் பாடியது ஒரு சினிமாப் பாட்டு.

கொல்லங்குடி கருப்பாயியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உனக்கு அவர் 'ஆண் பாவம்' பாட்டி. 1985இல் இயக்குநர் பாண்டியராஜன் அந்தப் படத்துக்கு அழைத்து வருவதற்கு முன்பே வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர். சங்கீதம் படித்த குரல் இல்லை, வயக்காட்டுக் குரல். 1993இல் கலைமாமணி கிடைத்தது. 2025 ஜூனில் காலமானபோது, நான் பார்த்த செய்திகளில் எல்லாம் முதல் வரி 'ஆண் பாவம் பாட்டி'தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வயக்காட்டுக் குரல் என்றேனே, நடவில் பாட்டு உண்டாவதைப் பார்த்திருக்கிறாயா? மலையில் உனக்கு வாய்த்திருக்காது. முன்னால் பாடுகிறவள் ஓர் அடியை எடுத்து விடுவாள். குனிந்து நிற்கிற மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடி முடிப்பதற்குள் அடுத்த அடி அவளுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையா, ஒரு 'தன்னானே' போட்டு இழுத்துக்கொள்வாள். அதற்குள் வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர், கஞ்சி கொண்டுவரத் தாமதிக்கிறவள், சொன்ன நாளில் வராத மாமன் என்று யாராவது பாட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்வார்கள். (சிவகங்கைச் சீமைக்காரரான நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரன் தம் கலைக்குழுவுக்கே 'தன்னானே' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.) திண்ணையில் உட்காரவைத்தால் கையில் நாற்றும் இல்லை, திருப்பிப் பாட ஆளும் இல்லை. பாட்டு எங்கிருந்து வரும்? இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று.

வட்டக்கானலில் இருந்து இறங்கி உங்கள் ஊருக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். உங்கள் ஊர் வழக்கப்படி, ஊருக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுபோல நீயும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள். பதிவு ஓடட்டும், ஆனால் அப்பத்தாவிடம் முதலிலேயே சொல்லிவிடு, ஒளித்துச் செய்யாதே. கூடையைக் கட்டிக்கொண்டு அடுத்த செடியில் நில். அது ஓர் அடி பாடினால் நீ திருப்பிப் பாடு. தப்பாகப் பாடினாலும் பரவாயில்லை, திருத்துவதற்காகவாவது இன்னொரு தரம் பாடும்.

பாட்டில் யார் பெயராவது வந்தால், அது யார் என்று அன்றைக்கு ராத்திரியே கேட்டு நோட்டில் எழுதிவை. அடுத்த கடிதத்தில் எனக்கும் சொல்.

அன்புடன்,
அண்ணன்